கார்த்திகையில் எத்தனை மீன்?

ஓசூரில் அசெம்ப்ளி லைன் நின்றால் எங்களுக்குத் தீபாவளி. எங்கிருந்தோ வர வேண்டிய ஏதோ ஒரு பாகம் வரவில்லை என்று கம்பெனியில் சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாள் லீவு விட்டார்கள். தை மாதக் குளிர். ஹாஸ்டலில் பாதிப் பேர் பை கட்டிக்கொண்டு ஊருக்கு ஓடினார்கள். நான் ஓடவில்லை. தொண்டிப் பக்கம் எங்கள் கடற்கரை கிராமத்துக்குப் போய்த் திரும்பினால் லீவில் முக்கால்வாசி பஸ்ஸிலேயே கழிந்துவிடும்.

அதற்குப் பதில் ஒரு பந்தயத்தைத் தீர்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினேன். என் அறைத்தோழி மஞ்சுளாவுக்கு அஞ்செட்டியைத் தாண்டிக் காட்டோரத்தில் ஊர். மூன்று வருஷமாக நாங்கள் இருவரும் அடித்துக்கொள்வது ஒரே விஷயத்துக்குத்தான்: யார் ஊர் வானத்தில் நட்சத்திரம் அதிகம்? ஓசூரில் இருந்துகொண்டு இதை நிரூபிக்க முடியாது. இங்கே ராத்திரி என்பது பேருக்குத்தான். கம்பெனி விளக்கும் ஹைவே விளக்கும் சேர்ந்து வானத்தை ஆறிப்போன டீ நிறத்தில் வைத்திருக்கும். மாடிக்குத் துணி எடுக்கப் போனால் நாலு நட்சத்திரம் தெரியும். அதிலும் ஒன்று பெங்களூரில் இறங்குகிற விமானமாக இருக்கும்.

“எங்கூரு வானத்தப் பாத்தா நீ வாயப் பொளந்துகினு நிப்பக்கா” என்பாள் மஞ்சுளா.

“போடி, எங்கப்பா வானத்தப் பாத்துத்தான் போட்டையே திருப்புவாரு” என்பேன் நான்.

எங்களைக் கூட்டிக்கொண்டு போனவர் முனிராஜ் அண்ணன். எங்கள் நைட் ஷிப்ட் வேனை ஓட்டுகிறவர். மஞ்சுளாவின் அப்பாவிடம்தான் வருஷத்துக்குத் தேவையான ராகியை வாங்குவார். எப்போதும் யாராவது பஸ்ஸில் கொண்டுவந்து போடுவார்கள். இந்த முறை வேலையில்லாததால் மச்சானின் ஆம்னி வண்டியை இரவல் வாங்கி அவரே கிளம்பினார். ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: “பொழுதோட போய்ச் சேந்துடணும். சாயங்காலம்லாம் அந்த ரோட்டுல நான் ஓட்ட மாட்டன்.” யானை பயம் என்று நினைத்து நானும் மஞ்சுளாவும் கண்ணைச் சிமிட்டிக்கொண்டோம்.

சனிக்கிழமை காலை தட்டு இட்லியோடு ஆரம்பித்தது. நாங்கள் போன கடையில் முதலாளி கன்னடம், மாஸ்டர் தெலுங்கு, சப்ளை செய்கிறவர் திருவாரூர்ப் பக்கம். மூன்று பாஷையில் ஆர்டர் போய், நான் கேட்காத வடை வந்தது. எங்கள் ஊரில் இட்லி என்றால் உள்ளங்கை அளவு. இது சோற்றுத் தட்டு அளவுக்கு இருந்தது. ஒன்றைத் தின்றுவிட்டு மூச்சு வாங்கினேன். முனிராஜ் அண்ணன் மூன்று தின்றார்.

மச்சான் வண்டியைக் கொடுக்கவே மதியமாகிவிட்டது. தேன்கனிக்கோட்டையைத் தாண்டி டயர் பஞ்சர். ஸ்டெப்னியை இறக்கிப் பார்த்தால் அதுவும் காற்றில்லாமல் அப்பளமாகக் கிடந்தது. மச்சானை வண்டி வண்டியாகத் திட்டிவிட்டு, வழியில் வந்த ஒருவரின் பைக் பின்னால் டயரை அணைத்தபடி முனிராஜ் அண்ணன் போனார். நாங்கள் இருவரும் புளியமரத்தடியில் உட்கார்ந்து கடலையை உரித்துத் தின்றோம். மரத்தடிக்கு ஆடு ஓட்டிவந்த ஓர் அம்மா “ஊட்டா ஆய்த்தா?” என்று கன்னடத்தில் கேட்டார். சாப்பாடு ஆச்சா என்று கேட்கிறார். இல்லை என்றதும், யார் எவர் என்று விசாரிக்காமலே தன் தூக்குப் போசியைத் திறந்து மோர் கலந்த களியைக் கரைத்துக் கொடுத்தார். ஓசூரில் மூன்று வருஷத்தில் யாரும் என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்டதில்லை.

முனிராஜ் அண்ணன் டயரோடு திரும்பும்போது மணி ஐந்து. முகம் வெளிறியிருந்தது. “சீக்கிரம், சீக்கிரம் ஏறுங்க” என்று விரட்டினார். காட்டுப் பாதை வளைந்து வளைந்து இறங்குகிறது. சூரியன் மலைக்குப் பின்னால் போனதும் வண்டியின் வேகமும் போய்விட்டது. ஸ்டியரிங்கில் நெஞ்சு முட்டும்படி குனிந்து உட்கார்ந்துகொண்டார். “மஞ்சு, ஒங்கூரு ரோடுதான? அடுத்த வளவு சோத்தாங்கை பக்கமா, பீச்சாங்கை பக்கமா, சொல்லிக்கினே வா” என்றார்.

“அண்ணே, மாட்டு வண்டி நம்மள முந்துது” என்று நான் கிண்டல் செய்தேன். அவர் சிரிக்கவில்லை.

ஒரு வளைவில் ரோட்டுக்கு நடுவே மாடு நின்றது. செவலை மாடு. அந்தி வெளிச்சத்தில் எங்களுக்கு நன்றாகவே தெரிந்தது. அவருக்கும் தெரிந்திருக்கும் என்றுதான் இருந்தோம். வண்டி அதை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தது. இருவரும் ஒரே நேரத்தில் கத்தினோம். பிரேக் போட்டதில் மஞ்சுளாவின் நெற்றி முன்சீட்டில் இடித்தது. மாடு நிதானமாக நகர்ந்தது. “பாத்துட்டன், பாத்துட்டன். கடைசில புடிக்கலாம்னு இருந்தன்” என்றார் அண்ணன். நானும் நம்பினேன்.

ஊர் போய்ச் சேர்ந்ததும் சுடச்சுடக் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும். களியை மெல்லக் கூடாதாம், உருட்டிக் குழம்பில் புரட்டி விழுங்க வேண்டுமாம். நான் மென்றதைப் பார்த்து மஞ்சுளாவின் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முனிராஜ் அண்ணன் அலுப்பாக இருக்கிறது என்று அப்போதே கட்டிலில் சாய்ந்துவிட்டார். கை கழுவ வெளியே வந்து தற்செயலாகத் தலையைத் தூக்கினேன்.

பந்தயத்தில் தோற்றேன். ஒத்துக்கொள்கிறேன். அமாவாசைக்கு இரண்டு நாள் இருந்தது. மலை முடிகிற இடம் தெரியாமல், அதன் விளிம்பிலிருந்தே நட்சத்திரம் ஆரம்பித்து இந்தப் பக்க மலை வரை இறைந்து கிடந்தது. பெரியது, பொடியது, பொடியதற்கும் பின்னால் அதைவிடப் பொடியது. மாவு சலித்த இடம் மாதிரி மங்கலாக ஒரு பட்டை குறுக்கே ஓடியது. எங்கள் கடற்கரையில் காற்றில் எப்போதும் உப்பு ஈரம் இருக்கும். இவ்வளவு கூர்மையாக நான் பார்த்ததில்லை. கழுவாத கையோடு அப்படியே நின்றேன். உடம்பு சிலிர்த்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது. இத்தனையும் தினமும் ஓசூருக்கு மேலேயும்தானே இருந்திருக்கிறது, ஒரு திருட்டு நடந்திருக்கிறது, எனக்குத் தெரியவே இல்லையே என்று ஆத்திரம் வந்தது.

“வாய மூடுக்கா, பூச்சி பூந்துக்கும்” என்றாள் மஞ்சுளா.

ஞாயிற்றுக்கிழமை பகல் ராகி தூற்றுவதிலும் மூட்டை கட்டுவதிலும் போனது. எனக்குத் தும்மல் நிற்கவில்லை. களத்தில் இன்னும் பாதி ராகி குவியலாகக் கிடந்தது. அதன் வாசனைக்குக் காட்டிலிருந்து யானை இறங்கும் என்பதால் ராத்திரி காவல் உண்டு. களத்தை ஒட்டிய அகலப் பாறைதான் காவல் இடம். அன்றைக்குக் காவலுக்கு வர வேண்டிய பக்கத்து வீட்டுக்காரர் சாவு வீட்டுக்குப் போய்விட்டார். மஞ்சுளாவின் அப்பா மாதப்பன், முனிராஜ் அண்ணனைக் கூப்பிட்டார். எனக்கும் மஞ்சுளாவுக்கும் அழைப்பில்லை, நாங்களாகவே கம்பளியோடு போய் உட்கார்ந்தோம்.

இருட்டு நன்றாகக் கட்டியதும் மாதப்பன் டார்ச்சை அணைத்தார். “வெளிச்சம் போட்டா கண்ணு கெட்டுப் பூடும். கொஞ்ச நேரம் சும்மா குந்துங்க, கண்ணு இருட்டுக்குப் பழகட்டும்” என்றார். பிறகு, பாறைக்குப் புதிதாக வருகிற எல்லோரிடமும் இங்கே கேட்கிற கேள்வியைக் கேட்டார். மாப்பிள்ளையாக வந்தாலும் கேட்பார்களாம்.

“கார்த்திகைல எத்தன மீன் எண்ற, சொல்லு?”

தலைக்கு மேலே ஒரு பிடி நட்சத்திரம் நெருக்கமாகக் கிடந்தது. அதுதான் கார்த்திகை. அஞ்சு எண்ணினால் காவலுக்கு ஆகும். அதற்குக் குறைந்தால் வீட்டுக்குப் போய்த் தூங்க வேண்டியதுதான். “கண்ணு சரியில்லாத ஆள வெச்சா, யானைய மரம்னு நெனச்சிக்கினு நிப்பான்” என்றார் மாதப்பன்.

நான் ஆறு எண்ணினேன். மஞ்சுளா ஏழு என்றாள். “அளக்காத” என்றார் அவள் அப்பா.

“ஆறு” என்றார் முனிராஜ் அண்ணன், யோசிக்காமல்.

“எங்க, கையால காட்டு.”

அண்ணன் கை நீட்டினார். நீட்டிய பக்கம் மலை இருந்தது. வானமே இல்லை. நானும் மஞ்சுளாவும் சிரித்தோம். மனிதர் சாதாரணமாகவே கிண்டல் பேர்வழி.

“வெளயாடாத முனிராசு. மேல பாரு. மேல என்னா தெரிது?”

“ஒண்ணு தெரிதுண்ணா. பெருசா ஒரு வெள்ளி.”

“அவ்ளோதானா?”

“வேற என்னா இருக்கணும்?”

சிரிப்பு நின்றது.  மாதப்பன் எங்கள் பக்கம் திரும்பி உதட்டில் விரல் வைத்தார். மெல்ல எழுந்து, வெறுங்காலில் சத்தமில்லாமல் நடந்து, முனிராஜ் அண்ணனுக்கு எதிரே இரண்டு முழத்தில் போய் நின்றார். தோளில் இருந்த வெள்ளைத் துண்டை எடுத்து அவர் முகத்துக்கு நேரே வீசினார். ஒரு முறை, இரண்டு முறை. எனக்கு அந்தத் துண்டு தெரிந்தது, மாதப்பனின் மீசை தெரிந்தது, அண்ணனின் கண்கள் திறந்திருப்பதும் தெரிந்தது.

அண்ணனோ மாதப்பன் முதலில் உட்கார்ந்திருந்த காலி இடத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். “என்னாண்ணா, சத்தத்தக் காணோம்? தூங்கிட்டீங்களா?”

 மஞ்சுளா என் கையை நகம் பதியப் பிடித்தாள். வாரம் ஆறு ராத்திரி இந்த மனிதரின் முதுகுக்குப் பின்னால் பதினெட்டுப் பெண்கள் வாய் பிளந்து தூங்கிக்கொண்டு போகிறோம்.

“முனிராசு, நான் ஒன் முன்னாலதான் நிக்கறன்” என்றார் மாதப்பன்.

அண்ணன் திடுக்கிட்டுக் கையை நீட்டினார். அது மாதப்பனின் வயிற்றில் பட்டது. “அடேயப்பா, எப்ப வந்தீங்க?” என்றார். இன்னும் அவருக்கு விளங்கவில்லை.

நான்தான் கேட்டேன். “அண்ணே, நெஜமாவே உங்களுக்கு எங்களத் தெரியலையா?”

“இருட்டுல எப்டிம்மா தெரியும்? ராத்திரின்னா எல்லாருக்கும் அப்டித்தான?”

“இல்லண்ணே. எனக்கு உங்க சட்டை தெரியுது. மஞ்சுளா முகம் தெரியுது. நாம ஏறி வந்த பாதை கீழ வரைக்கும் தெரியுது. மேல நட்சத்திரம்... அது எண்ணி மாளாதுண்ணே.”

அண்ணன் தலையைத் தூக்கி மேலே பார்த்தார். பிறகு, “சும்மாதான சொல்ற ஸ்டெல்லா?” என்றார்.  நாற்பத்தைந்து வயது மனிதர், எல்லோருக்கும் ராத்திரி இப்படித்தான் என்று நம்பியே வாழ்ந்திருக்கிறார். பிறந்தது, வளர்ந்தது எல்லாம் ஓசூர் தொழிற்பேட்டை லைன் வீட்டில். வாசலிலேயே கம்பெனி விளக்கு. முழு இருட்டில் அவர் ஒரு நாளும் நின்றதில்லை. கம்பெனியில் வருஷா வருஷம் கண் பரிசோதனை உண்டு. டியூப் லைட் வெளிச்சத்தில் பலகையில் இருக்கிற எழுத்தைக் கடைசி வரி வரை படித்துவிட்டு வருவார்.

மாதப்பன் அவரை வீட்டுக்குக் கைப்பிடித்துக் கூட்டிப்போனார். நாங்கள் இருவரும் பாறையில் இருந்தோம். அவ்வளவு நட்சத்திரத்தையும் வைத்துக்கொண்டு என்னால் தலை தூக்கிப் பார்க்க முடியவில்லை. ஒருநாள் பாகலூர் ரோட்டில் கரண்ட் போனபோது அண்ணன் வேனை ஓரம் கட்டி, “எஞ்சின் சூடாயிடுச்சி” என்று கரண்ட் வரும்வரை நிறுத்தி வைத்தார். எப்போதும் ஏதாவது ஒரு லாரியின் சிவப்பு விளக்குக்குப் பின்னாலேயே போவார். நிதானமான டிரைவர் என்று நாங்கள் பெருமையடித்துக்கொள்வோம். என் வேலை என்ன தெரியுமா? க்வாலிட்டி. பாகங்களில் கீறல் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். மூன்று வருஷமாக இது என் கண்ணில் படவில்லை. வெட்கமாக இருந்தது.

திங்கட்கிழமை காலை வெயில் ஏறிய பிறகு கிளம்பினோம். பகலில் அவர் ஓட்டினால் குறை சொல்ல முடியாது. குழியைக்கூட முன்னாலேயே பார்த்து ஒதுக்கினார். நான் முன்சீட்டில் உட்கார்ந்து ரோட்டைப் பார்க்காமல் அவர் கண்ணையே பார்த்துக்கொண்டு வந்தேன். “பெட்ரோல் பங்க் லைட்டு, பேக்கரி லைட்டு, கம்பெனி கேட்டு லைட்டு. ஒண்ணுலேந்து ஒண்ணுக்கு நேரா உடுவன். நடுவுல ஹெட்லைட்டு காட்டற எடம் மட்டும் தெரியும். ரெண்டு வருசமா அதுவும் கம்மி. வயசாகுதுன்னு நெனச்சன்” என்று அவரே சொன்னார்.

ஓசூரில் இறங்கியதும் நேராகக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். சொட்டு மருந்து விட்டு, விளக்கடித்துப் பார்த்து, மாலைக்கண் என்றார் டாக்டர். சின்ன வயதிலிருந்தே இருந்திருக்க வேண்டும், இப்போது முற்றியிருக்கிறது, கண்ணாடி போட்டுச் சரி செய்கிற விஷயமில்லை. “என்ன வேலை பாக்கறீங்க?” என்று கேட்டார். அண்ணன் தரையைப் பார்த்தார். நான் சொன்னேன். டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

வெளியே வந்து, “நானே காண்ட்ராக்டர்கிட்ட சொல்லிடறன். நீ யார்கிட்டயும் சொல்லாத, எம் மானம் பூடும்” என்றார். பகல் வண்டிக்கு டிரைவர் வேலை காலியாக இல்லை, இந்த வேலையும் போனால் வீட்டில் அடுப்பு எரியாது என்பது எனக்கும் தெரியும். சரி என்றேன்.

செவ்வாய் ராத்திரி ஒன்பதரை. லீவுக்குப் பிறகு எங்களுக்கு முதல் நைட் ஷிப்ட். ஹாஸ்டல் வாசலில் வேன் வந்து நின்றது. ஸ்டியரிங்கில் முனிராஜ் அண்ணன்.

 “என்னண்ணே இது?” என்றேன் ஜன்னலருகே போய்.

“ஒரே ஒரு வாரம் ஸ்டெல்லா. மாத்தாளு இல்லன்றாங்க. மொத்தமும் லைட்டு இருக்கற ரோடுதான. மெதுவா உடறன்.”

பெண்கள் ஒவ்வொருவராக ஏறிக்கொண்டிருந்தார்கள். இனி மறைத்து என்ன. படியருகே நின்று உரக்கச் சொன்னேன். “ஏறாதீங்க. அண்ணனுக்கு மாலைக்கண். ராத்திரி கண்ணு தெரியாது. டாக்டரே சொல்லிட்டாரு.”

 எங்களில் மூத்தவரான ஊத்தங்கரை லட்சுமி அக்கா சீட்டில் இருந்தபடியே என்மேல் பாய்ந்தார். “மூணு வருசமா ஒரு கோழியக்கூட இடிச்சதில்ல அந்த மனுசன். அவரு பொழப்புல ஏன் மண்ணப் போடற? லேட்டானா நீ வந்து பதில் சொல்லுவியா? ஏறுனா ஏறு, இல்லன்னா வழிய உடு.”

“ஆமாக்கா, லைட்டு ரோடுதான” என்று ஒரு குரல். திரும்பிப் பார்த்தேன். மஞ்சுளா. பாறையில் என் கையை நகம் பதியப் பிடித்த அதே மஞ்சுளா. ஜன்னலோரச் சீட்டில் உட்கார்ந்துவிட்டாள், என் முகத்தைப் பார்க்கவில்லை. பதினேழு பேரில் ஒருத்திகூட இறங்கவில்லை. அதைவிட மோசமான ஒன்றையும் எழுதிவிடுகிறேன். அப்போது குனிந்து பார்த்தால், என் வலது கால் படியில் ஏறியிருந்தது. எப்போது வைத்தேன் என்று எனக்கே தெரியாது.

முனிராஜ் அண்ணன் உள்விளக்கைப் போட்டு, கண்ணாடியில் எங்கள் எல்லோரையும் பார்த்தார். யாராவது இறங்குவார்கள் என்று காத்திருந்த மாதிரி இருந்தது. பிறகு எஞ்சினை அணைத்தார்.

“ஒருத்தரும் எறங்கலயே” என்றார்.  “நீங்க எறங்கியிருந்தா எனக்குக் கோவம் வந்திருக்கும். கோவத்துலயாவது ஓட்டியிருப்பன். இத்தன பேரு நம்பிக் குந்தினு இருக்கீங்களே, இப்ப எப்டி ஓட்டறது?”

சாவியை என் கையில் வைத்துவிட்டு இறங்கி நடந்தார். அவர் வீடு ஹாஸ்டலுக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி. முதல் தெரு விளக்கு வரை நேராகத்தான் போனார். வெளிச்சம் முடிகிற இடத்தில் நின்றார். வலது கை காற்றில் துழாவி மதில் சுவரைத் தேடியது. சுவர் அகப்பட்டதும் அதைத் தடவிக்கொண்டே ஒவ்வோர் அடியாக வைத்தார். வேன் ஜன்னல்கள் வழியாக எல்லோரும் அதைப் பார்த்தோம்.

முதலில் இறங்கியது லட்சுமி அக்காதான். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடி, அண்ணனின் கையைச் சுவரிலிருந்து எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் ஒவ்வொருத்தியாக இறங்கினார்கள். மஞ்சுளா அழுதுகொண்டே வந்தாள்.

“நீங்கல்லாம் ஷிப்டுக்குப் போங்கம்மா, லேட்டாவுது” என்றார் அண்ணன்.

“மொதல்ல நீங்க உள்ள போய்க் கதவச் சாத்துங்கண்ணா. அப்பறம்தான் நாங்க நகருவோம்” என்றார் லட்சுமி அக்கா. விடிகாலையில் ஹாஸ்டல் வாசலில் எங்களை இறக்கிவிடும்போது தினமும் அண்ணன் எங்களிடம் சொல்கிற வார்த்தை அது.

அந்த நேரம் பார்த்து இரண்டாவது தெருவில் விளக்கு எரியவில்லை. “இங்க பள்ளம்ணா”, “கல்லு கெடக்கு, கால எடுத்து வைங்க” என்று ஆளுக்கொரு பக்கமாகச் சொல்லிக்கொண்டே பதினெட்டுப் பேரும் அவரைச் சுற்றி நடந்தோம். அன்றைக்கு ஷிப்டுக்கு யாரும் போகவில்லை.